இரண்டு மாடிகளுக்கு நடுவே

அத்தியாயம் 11

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் துடைத்து வைக்கலாம் என்று திறந்தபோது அதற்குள்ளிருந்து பதினாலு டிக்கெட்டுகள் பொலபொலவென்று விழுந்தன. அவள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் பழையபடி மடித்து உள்ளே வைத்தாள். போன அத்தியாயத்தில் இதைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அத்தனையும் அவள் வழிகாட்டியாக வேலை பார்க்கும் அரண்மனையின் நுழைவுச்சீட்டுகள். ஏழு வியாழக்கிழமைகள். வியாழனுக்கு இரண்டு.

வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் அப்பா சொல்லி வந்தார். முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனால் அழைப்பிதழையே திருப்பி அனுப்புகிற மனுஷன். அவர் சொன்ன பொய்யிலும் பிழை இருக்கவில்லை. டாக்டருக்கு வழுக்கை என்பதும், சொட்டு மருந்து எரியும் என்பதும், வரிசையில் முன்னால் இருந்தவர் கொட்டாவி விட்டதும்கூட அதில் இருந்தன.

அம்மா போய் மூன்று வருஷமாகிறது. அப்பா தனியாக இருக்கிறார். யாரோ ஒருத்தியோடு ஊர் சுற்றுகிறார். அதுவும் பெற்ற பெண் வேலை பார்க்கிற இடத்திலேயே.

ஞாயிறிலிருந்து அவள் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. இன்று வியாழக்கிழமை.

காலையில் வீட்டில் எல்லோரும் அவரவர் அவசரத்தில் இருந்தார்கள். கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஸ்க்ரூ டிரைவர்களை நீளவாரியாக அடுக்கிக்கொண்டே சொன்னான்.

"இன்னிக்கு உங்க அரண்மனைக்குத்தான் வரேன். ரெண்டு மணிக்கு லிஃப்ட் சர்வீஸ்."

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னிக்கேவா? நாளைக்கு வெச்சுக்கக் கூடாதா?"

"லிஃப்ட் கிட்ட வேணா கேட்டுப் பாரு" என்றான் அவன்.

மாமியார் கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டை ஒரு வார்டு போலத்தான் நடத்துகிறார். "எனக்கு முட்டிக்குப் பயிற்சி இருக்கு. வர சாயங்காலமாகும். சாப்பாடு மூடி வெச்சிருக்கு, யாரும் ஆறவிடாதீங்க."

அப்பாவைத் தன் கணவன் பார்த்துவிடக் கூடாது. அவள் கவலையெல்லாம் அதுதான். மாமனார் இந்த வயதில் ஒரு அம்மாவோடு ஜோடி போட்டுக்கொண்டு திரிவதை மாப்பிள்ளை பார்த்தால், அப்புறம் அந்த வீட்டில் அவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள்?

*

ராஜா குடும்பம் காலி செய்துகொண்டு போன பிறகு அரண்மனையை நாலாகப் பிரித்து நாலு மியூசியம் வைத்திருந்தார்கள். கீழே வண்டிகள், அதை ஒட்டி உடைகள், முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஆயுதங்கள், மாடியில் அந்தப்புர அறைகள் இருந்தது இருந்தபடி. நாலையும் ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் குரல் போகும் என்பதால் சக ஊழியர்கள் அவளை மைக் என்றுதான் கூப்பிடுவார்கள்.

இரண்டு மணிக் கூட்டத்தில் பதினாறு பேர். வண்டி மியூசியத்தில் பட்டத்து ரதத்தின் முன்னால் அவர்களை நிறுத்தி வாயைத் திறந்தபோது போன் அதிர்ந்தது. டிக்கெட் கவுண்டர் அக்கா. அப்பாவின் போட்டோவைக் காட்டி, வந்தால் சொல்லும்படி காலையிலேயே கேட்டு வைத்திருந்தாள்.

"மைக்கு, உங்கப்பா வந்தாச்சு. கூட ஒரு அம்மா."

"எப்படி இருக்காங்க?"

"விறைப்பா இருக்காங்க. லேசா காலைத் தாங்கித் தாங்கி நடக்கறாங்க. குடை மறைக்குது, மூஞ்சி தெரியல."

அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். முற்றத்து வெயிலில் ஒரு குடை மெல்ல வந்துகொண்டிருந்தது. குடையைப் பிடித்திருந்தது அப்பா. குடை முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, அவர் மண்டை வெயிலில் மின்னியது. அம்மாவுக்கு அவர் ஒருநாளும் குடை பிடித்து அவள் பார்த்ததில்லை. அந்த நினைப்பு சுருக்கென்று தைத்தது.

பிறகுதான் அந்தக் கால்களைக் கவனித்தாள்.

வலது காலை ஊன்றி, அரை நொடி நின்று, இடது காலை இழுத்து வைக்கிற நடை. எட்டு வருஷமாக ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கிற நடை.

அத்தை.

"இந்த ரதம் இப்ப வித்தா என்ன விலை போகும்?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். தொப்பி போட்டவர். உள்ளே நுழைந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

"விக்க மாட்டாங்க சார்" என்றாள். தன் குரல் எங்கிருந்தோ வருகிற மாதிரி இருந்தது.

உடை மியூசியத்துக்குக் கூட்டிப் போனாள். கால் தன்பாட்டுக்கு நடந்தது, வாய் தன்பாட்டுக்குப் பேசியது. மனசு மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு அவர் மனைவியானால் அத்தை இனி சித்தி. சித்தி மகன் யார்? அண்ணன். அப்படியானால் தாலி கட்டிய புருஷன் அவளுக்கு அண்ணன் முறை. ஆறு வயசு மகள் அவளை அம்மா என்பாளா, அத்தை என்பாளா? சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மெல்ல இதைவிட ருசியான விஷயம் கிடைக்காது.

கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற சரிகை அங்கியைக் காட்டினாள். "இது ராணி, தன்னோட மாமியார் கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டது."

கூட்டம் அங்கியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது.

"மாமியார் கல்யாணத்துக்கா?" என்றார் தொப்பிக்காரர்.

"மகள் கல்யாணத்துக்கு" என்றாள் அவள். காது மடல் கொதித்தது.

அதற்கு மேல் முடியவில்லை. "பத்து நிமிஷம் சுத்திப் பாருங்க, கண்ணாடியில கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். இந்த நேரம் கணவன் கட்டடத்துக்குள் எங்கேயோ இருப்பான். அவன் கண்ணில் படுவதற்கு முன்னால் இவர்கள் இருவரையும் பிடித்து, எந்த வாசல் வழியாவது வெளியே தள்ளிவிட வேண்டும்.

ஆயுத மியூசியத்தில் இல்லை. முற்றத்தில் இல்லை. மாடிப்படியடியில் உட்கார்ந்திருந்த காவலாளியைக் கேட்டாள்.

"முட்டி வலி அம்மாவும் அவங்க வீட்டுக்காரருமா? படி ஏற முடியாதுன்னாங்க. சர்வீஸ் இன்னும் ஆரம்பிக்கலயே, லிஃப்ட்ல ஏத்தி விட்டேன்."

அவங்க வீட்டுக்காரர். அந்த வார்த்தையை அவள் விழுங்குவதற்குள், லிஃப்ட் இருக்கிற மூலையிலிருந்து மணி அடித்தது. விட்டு விட்டு, கண்டிப்பாக, நர்ஸைக் கூப்பிடுகிற நோயாளி மாதிரி.

*

ராஜாவின் தாயார் மாடி ஏற முடியாமல் போனபோது வைத்த லிஃப்ட் அது. மரப்பெட்டி, உள்ளே உட்கார ஒரு பலகை, மடங்கி விரியும் பித்தளைக் கம்பிக் கதவு. இப்போது அந்தப் பெட்டி தரைக்கும் முதல் மாடிக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றிருந்தது. கீழே நின்றவளின் கண்ணுக்கு நேராக, கம்பிகளுக்கு அந்தப் பக்கம், நாலு பாதங்கள்தான் தெரிந்தன. அப்பாவின் பழுப்பு நிற ஷூ. அத்தையின் பட்டை வைத்த செருப்பு.

காவலாளி, "மெக்கானிக்கைக் கூட்டியாரேன்" என்று மாடிப்படியில் ஓடினான். அவனைத் தடுக்க அவளுக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

"அப்பா" என்றாள்.

பழுப்பு ஷூ சட்டென்று பின்வாங்கியது.

"பாப்பாவா?"

"கண் டாக்டரும் உள்ளதான் இருக்காரா?"

அத்தையின் குரல்தான் வந்தது. "பதறாத. காத்து வருது, வெளிச்சம் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. மணி அடிச்சது நான்தான்."

"அத்தை, முட்டிக்குப் பயிற்சின்னு சொன்னீங்க."

"நடக்கறதும் பயிற்சிதான்."

"ஏழு வாரமாவா?"

"எட்டு" என்றார் அப்பா. திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. "முதல் வாரத்து டிக்கெட்டைத் தொலைச்சுட்டேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "உங்க ரெண்டு பேருக்கும் ஊர்ல வேற இடமே கிடைக்கலையா? அவர் இன்னிக்கு இங்கதான் இருக்கார், தெரியுமா? உங்க பையன், அத்தை. ஊர்ல இருக்கற லிஃப்டை எல்லாம் விட்டுட்டு அவர் ரிப்பேர் பண்ற லிஃப்ட்ல போய் ஏறியிருக்கீங்க."

"உன்கிட்ட சொல்லத்தான் வந்தோம்" என்றார் அப்பா. "ஒவ்வொரு வாரமும் சொல்லத்தான் வரோம். நீ பக்கத்து ரூம்ல பேசிட்டிருப்ப. உன் குரல் கேட்டதும் இவங்களுக்கு நாக்கு ஒட்டிக்கும், எனக்குக் கால் ஒட்டிக்கும். அப்படியே நின்னு கேட்டுட்டு, திரும்பிப் போயிடுவோம்."

"வீட்டுல சொல்றதுக்கென்ன?"

"வீட்டுல நீ கத்துவ" என்றார் அத்தை. "இங்க ஜனங்க இருக்கறப்ப கத்த மாட்டேன்னு நான்தான் யோசனை சொன்னேன்."

"என்ன சொல்லணும்? இப்பச் சொல்லுங்க. இப்ப யாரும் எங்கயும் போக முடியாது."

பழுப்பு ஷூ ஒரு அடி முன்னால் வந்தது. அப்பா தொண்டையைச் செருமுவது கேட்டது. "பதிவு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கோம். வர திங்கக்கிழமை தேதி. நானும் இவங்களும்."

நினைத்துக்கொண்டிருந்ததுதான். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாலு நாளாக நாக்கு நுனியில் நின்ற ஒரு கேள்வி, ஆள் யார் என்று தெரிந்த பிறகு, வேறு உருவம் எடுத்து நின்றது. அம்மாவின் கடைசி நாலு மாதம் தினமும் வந்து ஊசி போட்டது அத்தைதான். தெய்வம் மாதிரி வந்தார் என்று அவளே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"அம்மா படுக்கையில இருந்தப்பவே ஆரம்பிச்சுதா?"

கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அந்த இடமே குறுகிப்போன மாதிரி இருந்தது.

அப்பா ஏதோ சொல்லப் போனார். "நீங்க இருங்க, கேட்டது என்னை" என்றார் அத்தை. பட்டைச் செருப்பு கம்பிக்கு அருகே வந்தது.

"இல்ல. ஆனா நீ கேட்டது தப்பில்ல. நானா இருந்தாலும் கேட்டிருப்பேன். அப்ப எனக்கு உங்கப்பா மேல கோபம்தான் இருந்தது. நான் ஊசியை எடுத்தா மனுஷன் ரூமை விட்டுப் போயிடுவார். கட்டினவ வலியில கிடக்கா, கையைப் பிடிச்சுக்க மாட்டேங்கறாரேன்னு இருக்கும். ஒருநாள் எங்கதான் போறார்னு பின்னாடியே போய்ப் பார்த்தேன். குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னுட்டிருந்தார். வாளி நிரம்பி வழியுது. அழற சத்தம் உங்கம்மாவுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு."

அவளுக்கு அது தெரியாது. அப்பா அழவே இல்லை என்றுதான் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்காக உள்ளுக்குள் ஒரு கணக்கும் வைத்திருந்தாள்.

"அன்னிக்கும் நான் வேற ஒண்ணும் நினைக்கல" என்றார் அத்தை. "குழாயை மூடிட்டு வெளில வாங்க, மாடித் தொட்டியில தண்ணி தீர்ந்துடும்னு சொன்னேன். அவ்வளவுதான். நினைச்சது போன வருஷம். என் வீட்டுக்காரர் போய் இருபத்தாறு வருஷமாச்சு, எனக்கு நினைக்கக் கூட நேரம் கிடைச்சது போன வருஷம்தான்."

உடை மியூசியத்திலிருந்து அவளுடைய கூட்டத்தின் சலசலப்பு கேட்டது.

அப்போது மேலே எங்கேயோ, கட்டடத்தின் உச்சியிலிருந்து, குழாய்க்குள் பேசுகிற மாதிரி ஒரு குரல் இறங்கி வந்தது.

"அம்மா, கதவுக் கம்பியில கை வைக்காத. கையால சக்கரத்தைச் சுத்தி இறக்கப் போறேன். மெதுவாத்தான் வரும். மாமா, நீங்களும் உட்காருங்க."

அவள் சட்டென்று கம்பியிலிருந்து கையை எடுத்தாள். மோட்டார் அறையிலிருந்து கீழே வரைக்கும் ஒரே துவாரம். அங்கே நிற்பவனுக்கு ஒரு தும்மல்கூடத் தப்பாது.

கயிறு முனகியது. நாலு பாதங்கள் அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கின. பாதத்துக்குப் பிறகு முழங்கால், முழங்காலுக்குப் பிறகு மடியில் வைத்த கைப்பை. கடைசியில் இரண்டு முகங்கள். பலகையில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள், பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே உட்கார வைத்த பிள்ளைகள் மாதிரி.

கணவன் படியிறங்கி வந்தான். கறுத்த கைகளை ஒரு துணியில் துடைத்துக்கொண்டே வந்து கம்பிக் கதவை மடக்கித் திறந்தான்.

"பார்த்து, ரெண்டு விரக்கடை கீழ நிக்குது" என்று அம்மாவுக்குக் கை கொடுத்தான். "முட்டி?"

"பரவால்ல."

அவ்வளவுதான். கோபம் இல்லை, கேள்வி இல்லை. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடி விழும் என்று காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறவள் மாதிரி நின்றாள். இடி விழவே இல்லை.

மெல்ல ஒன்று புரிந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவன் துணியை நாலாக மடித்தான். "ஒரு மாசமா."

"ஒரு மாசமாவா? ஒரே வீட்டுல இருந்துகிட்டு?"

"அம்மா சொன்ன அன்னியிலேர்ந்து ரெண்டு நாள் நான் சாப்பிடல. வயிறு சரியில்லன்னு உன்கிட்ட சொன்னேனே, அதுதான். மூணாம் நாள் பசிச்சுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அப்பாதான் சொன்னார். "எல்லாருக்கும் உன்னை நினைச்சாத்தான் பயம், பாப்பா."

நாலு நாளாக அவள் யார் யாருக்காகவோ பயந்து செத்துக்கொண்டிருந்தாள். கணவன் என்ன சொல்வான், சொந்தம் என்ன சொல்லும் என்று. கடைசியில் இந்த வீட்டில் எல்லோரும் பயந்தது அவளுக்கு. அவளுக்குத் தன்னையே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

"லிஃப்டை நீங்கதான் நிறுத்தினீங்களா?" என்றாள் சந்தேகத்தோடு.

"என் தொழில்ல நான் விளையாட மாட்டேன். கதவு காண்டாக்ட் தேஞ்சுபோச்சு, அதான் நின்னுது." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா நீங்க பேசி முடிக்கட்டும்னு அஞ்சு நிமிஷம் சும்மா நின்னேன். அதுக்கு வேணா திட்டு."

அத்தை கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். நாலாக மடித்து, ஓரங்கள் நைந்துபோயிருந்தது. சாட்சிகள் கையெழுத்துப் போடுகிற தாள். மூன்று கோடுகள். முதல் கோட்டில் அத்தையோடு வேலை பார்த்த ஒரு நர்ஸின் பெயர். இரண்டாவதில் அவளுக்குப் பழக்கமான, வலப்பக்கம் சரிந்த கையெழுத்து. கணவனுடையது. மூன்றாவது கோடு காலி.

"யார் வேணா போடலாம்" என்றார் அப்பா. "கவுண்டர்ல இருக்கற பொண்ணு கூடப் போடும். ஆனா நான் அந்தக் கோட்டை யார்கிட்டயும் நீட்டல."

"எப்பக் கொடுக்கணும்?"

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள" என்றான் கணவன். "இல்லன்னா தேதி போயிடும். மறுபடி முதல்ல இருந்து."

கணவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. தாளை மட்டும் வாங்கினாள். அந்த மூன்றாவது கோட்டைப் பார்த்தாள். அம்மாவின் அலமாரி ஞாபகம் வந்தது, அதன் சாவி அப்பாவிடம் இருக்கிறது. நாளைக்கு அது யார் இடுப்பில் இருக்கும்? கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்டால் அது அலமாரியைப் பற்றிய கேள்வியாக இருக்காது என்று தெரிந்தது.

"மேடம், பத்து நிமிஷம்னீங்க" என்று தொப்பிக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பதினைந்து முகங்கள்.

"எனக்கு இன்னும் மாடி பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு படியேறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ராணியின் பகல் அறை. ஜரிகைத் திரை, தந்தப் பிடி வைத்த விசிறிகள், மெத்தை வைத்த ஊஞ்சல். பேசிக்கொண்டே திரும்பியபோது கடைசி வரிசையில் மூன்று பேர் கூடுதலாக நின்றார்கள். படி ஏறிய களைப்பில் அத்தைக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் கணவன். போகவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல் நின்றார்கள்.

"இவங்க நம்ம குரூப்ல இல்லையே" என்றார் தொப்பிக்காரர்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"என்கூட வந்தவங்கதான்" என்றாள். பிறகு அறையின் ஓரத்தில் காவலாளிக்காகப் போட்டிருந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அத்தையின் பக்கத்தில் வைத்தாள். "உட்காருங்க. காலைத் தொங்கப்போடாதீங்க."

அத்தை உட்கார்ந்தார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஆக இருபது நிமிஷம் இருந்தது. பதிவு ஆபீஸ் ஊரின் அந்தக் கோடியில். அவள் உள்ளங்கை வியர்வையில் அந்தத் தாள் நனைந்துகொண்டிருந்தது.

"இதுக்கு அடுத்தது ராணியோட படுக்கையறை" என்று கூட்டத்திடம் சொன்னாள். "அதுதான் கடைசி ரூம். அதோட முடிஞ்சுது."

கதவைத் தள்ளித் திறந்து, எல்லோரும் உள்ளே போகட்டும் என்று ஒதுங்கி நின்றாள். ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாக அப்பா அவளைத் தாண்டும்போது, மூடியைக் கழற்றிய பேனா ஒன்று அவர் விரல்களுக்கு நடுவே தயாராக இருந்தது.